கோடைக் கல்யாணமும் கோட்டுத் துணியும்

(நம் சங்கத்தின் பிப்ரவரி மாதச் சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை வருமான வரி பற்றிப் பேசச் சொன்னார். நான் என்ன சொன்னாலும் கடைசியில் நீங்கள் ஆடிட்டரிடம்தான் போவீர்கள். அதனால் வேறொரு செலவைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். சித்திரை, வைகாசியில் நம் வளாகத்திலேயே சில வீடுகளில் கல்யாணம் இருக்கிறது. மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. அடுத்த வேலை மாப்பிள்ளைக்கு ரிசப்ஷன் கோட்டு எடுப்பது. போதாததற்கு, எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகளிடம் கல்லூரியில் பிளேசர் கேட்கிறார்கள். ஆக, பல வீடுகளில் கோட்டுத் துணிக்குப் பணம் போகப் போகிறது.

ஊரோ சென்னை, மாதமோ மே. பகலில் சாதாரணமாகவே 37, 38 டிகிரி. கத்திரியில் 40-ஐத் தாண்டும். சாயங்காலம் கடற்காற்று வந்தால் சூடு கொஞ்சம் தணியும், ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிடும். இந்த ஊரில் ஒரு பையனுக்குப் பனியன், முழுக்கைச் சட்டை, டை, கோட்டு எல்லாம் மாட்டி, வீடியோ விளக்குக்கு எதிரில் நான்கு மணி நேரம் நிற்க வைக்கிறோம். பக்கத்தில் அறுபதைத் தாண்டிய அவன் அப்பாவும் அதே கோலத்தில் நிற்கிறார். மேடை அலங்காரத் தட்டி ஏசி காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். எட்டரை மணிக்கு மாப்பிள்ளை முகத்தைப் பாருங்கள், புகைப்படக்காரர் டிஷ்யூ பேப்பரோடு நிற்பார்.

"எதற்கு சார் இந்தக் கோட்டு? பட்டு வேட்டி போதாதா?" என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். எனக்கும் அதே கட்சிதான். ஜப்பானில் 2005-ல் அரசாங்கமே 'கூல் பிஸ்' என்று ஒரு இயக்கம் தொடங்கி, கோடையில் ஏசியை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டும் டையும் இல்லாமல் அலுவலகம் வாருங்கள் என்றது. நம் வக்கீல்களுக்கும் பார் கவுன்சில் விதியில் சலுகை உண்டு. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. ஆனால் ரிசப்ஷனில் நம் கட்சி ஜெயிக்காது. பெண் வீட்டார் எடுத்துத் தரும் கோட்டு, பையனும் ஆசைப்படுகிறான். எப்படியும் போடப் போகிறான் என்றால், எதைப் போடுவது என்பதையாவது சரியாகப் பார்ப்போம்.

எனக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வங்கியில் சில வருடம் பாரிமுனைப் பக்கம் வேலை. கோடவுன் தெரு மொத்த வியாபாரிகளுக்குக் கடன் வசதி கொடுத்திருந்தோம். மாதாமாதம் அவர்கள் தரும் ஸ்டாக் கணக்கைச் சரிபார்க்க ஆபீசருடன் கிடங்குக்குப் போவேன். அங்கே ஒரு பெரியவர், துணியை எண்ணும் நேரத்தில் துணியைப் பற்றியும் சொல்லித் தருவார். இன்று நான் செய்து காட்டப் போகிற சோதனைகளில் பாதி அவர் காட்டியவை.

முதலில் உடம்பின் கணக்கு. நாம் சும்மா நின்றாலே உடம்பு சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று கோட்டுக்குள் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது அந்தச் சூடு வெளியேற ஏறக்குறைய ஒரே வழி வியர்வை. அதுவும் ஆவியானால்தான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. முதுகில் வழிந்து இடுப்பில் தேங்கும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. ஆக, கோட்டு சுடுமா சுடாதா என்பது, உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியே போக வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. துணி எடுக்கும்போது இந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்.

கடையில் என்ன நடக்கிறது? "சம்மருக்கு லைட்டா ஒண்ணு காட்டுங்க" என்கிறோம். அவர் மெல்லிசாக, வழவழப்பாக, பளபளப்பாக ஒன்றை எடுத்துப் போடுகிறார். கையில் எடுத்தால் கனமே இல்லை. சந்தோஷமாக வாங்கிவிடுகிறோம். அது பெரும்பாலும் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த நெருக்கமான நெசவு. மெல்லிசுதான், ஆனால் காற்று நுழையாது.

இந்த இரண்டு துண்டுகளைப் பாருங்கள். ஒன்று அந்த மெல்லிசுத் துணி. மற்றது கம்பளி, கடையில் 'டிராப்பிகல் வுல்' என்பார்கள். கையில் எடுத்தால் கம்பளிதான் கனம். இப்போது இரண்டையும் டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கம்பளியில் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம் தெரிகிறதா? மற்றதில் மங்கலாகத் தெரிகிறது, புள்ளிகள் இல்லை. அடுத்து, துணியை வாயருகே வைத்து ஊதி, மறுபக்கம் கையை வையுங்கள். கம்பளியில் மூச்சு கையில் படுகிறது. மற்றதில் உங்கள் முகத்துக்கே திரும்புகிறது. மாடி வீட்டு மாமி சிரிக்கிறார். கடையில் இப்படி ஊதினால் விற்பனையாளரும் சிரிப்பார், பரவாயில்லை. பணம் நம்முடையது.

கம்பளி என்றதும் நமக்கு ஊட்டி, ஸ்வெட்டர், இரவு ரயிலில் போர்த்துவது இவைதான் ஞாபகம் வரும். அந்தக் கம்பளி தடிமனான, பஞ்சு போன்ற நூல். கோட்டுக் கம்பளி மெல்லிய இழையை நீளவாக்கில் சீவி, இறுக்கி முறுக்கிய நூல். முறுக்கு ஏற ஏற நூல் மேல் பஞ்சு எழும்பாது, நூலுக்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி அடையாது. அதைப் பாய் பின்னுவது போல ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நெய்தால் சல்லடை மாதிரி ஒரு துணி வரும், ஆனாலும் விறைப்பாக நிற்கும். இங்கிலாந்தில் இதே முறையில் நெய்யும் 'ஃப்ரெஸ்கோ' என்ற துணி நூறு வருடத்துக்கு மேலாகப் பெயர் பெற்றது. தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பினாலேயே நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். வியர்த்த உடம்பில் வழவழப்பான துணி ஒட்டிக்கொள்ளும், சொரசொரப்பான துணி சற்று விலகி நிற்கும். 'ஹாப்சாக்' என்று இன்னொன்று உண்டு, கூடை பின்னல் போல இருக்கும். பிளேசருக்கு ரொம்ப நல்லது.

ட்வில், கேபர்டின் என்று சாய்கோடு தெரியும் நெசவுகள் பொதுவாக நெருக்கமானவை. குளிர் ஊருக்குப் போகிறவர்கள் எடுக்கட்டும்.

நூலின் குணத்துக்கு வருவோம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் ஒரு கிலோ உலர்ந்த கம்பளி சுமார் 160 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்போதும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. லினன் சுமார் 120 கிராம். விஸ்கோஸும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பருத்தி சுமார் 80. பாலியஸ்டர் வெறும் 4 கிராம். நான்குதான், நாற்பது இல்லை. அதனால்தான் பாலியஸ்டர் கோட்டில் ஈரம் சட்டையிலேயே தங்கி நசநசக்கிறது. டெரிலின் 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த சரக்கு. துவைத்தால் சீக்கிரம் காயும், கசங்காது, வருடக்கணக்கில் உழைக்கும். அது நம் வீடுகளுக்கு வந்தபோது நாம் கொண்டாடியதில் தப்பில்லை. ஆனால் அந்தக் குணங்கள் கோடைக் கோட்டுக்கு உதவாது.

அப்படியானால் பருத்தியே எடுத்துவிடலாமே என்பீர்கள். சட்டைக்குப் பருத்திக்கு நிகர் இல்லை. கோட்டுக்கு வரும்போது அதைப் பெரும்பாலும் தடித்த ட்வில்லாக நெய்கிறார்கள். அது மெல்லிய கம்பளியைவிடச் சூடு. நனைந்தால் கனக்கும், மெதுவாகக் காயும், முழங்கையில் கசங்கிய மடிப்பு அப்படியே நிற்கும். பகல் நிகழ்ச்சிக்கு ஒரு தனி பிளேசராக இருந்தால் சரி.

லினன் என்பது ஆளிச் செடியின் தண்டு நார். கொலஸ்ட்ராலுக்கு என்று நாம் பொடி செய்து மோரில் கலக்கிறோமே, அந்த ஆளிவிதை கொடுக்கும் அதே செடி. குளிர்ச்சியில் லினன் முதல் வரிசை. கசங்குவதிலும் முதல் வரிசை. மண்டபத்து வாசலில் காரை விட்டு இறங்கும்போதே தொடையில் பத்து மடிப்பு விழுந்திருக்கும். மடிப்பை அழகாக எடுத்துக்கொள்கிற மனசு பையனுக்கு இருக்கலாம். ஆல்பத்தைப் புரட்டப் போகிற அம்மாவுக்கு இருக்காது. லினனும் கம்பளியும் கலந்த துணி கிடைத்தால் அது நல்ல நடுவழி.

சீர்சக்கர் பற்றி ஒரு வார்த்தை. கட்டத்துக்குக் கட்டம் சுருங்கி மேடு பள்ளமாக இருக்கும் பருத்தித் துணி. பாரசீக மொழியில் பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் சொல் இந்தியா வழியாக இங்கிலீஷுக்குப் போய் இப்படி ஆனது. நியூ ஆர்லியன்ஸ் போன்ற புழுக்கமான அமெரிக்கத் தென் நகரங்களில் அதில்தான் கோடைக் கோட்டே தைத்தார்கள். மேடு மட்டும் உடம்பில் படும், பள்ளத்தில் காற்று ஓடும். நம் ஊர்க் கடைகளில் சட்டைத் துணியாகக் கிடைக்கிறது. கோட்டுக்கு ஏற்ற கனத்தில் கேட்டால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நல்ல துணி எடுத்துக் கொடுத்தும் கோட்டு சுடுகிறது என்றால் காரணம் உள்ளே இருக்கிறது. வீட்டில் பீரோவில் இருக்கும் கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதுகு, கை, முன்பக்கம் எல்லாம் வழுவழுப்பான லைனிங். பெரும்பாலும் அது பாலியஸ்டர் டஃபேட்டா, ஏறக்குறைய குடைத் துணி. நாம் மீட்டருக்கு அத்தனை ரூபாய் கொடுத்துச் சல்லடைத் துணி வாங்குகிறோம், டெய்லர் உள்ளே குடைத் துணியை வைத்து அடைத்துவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முழு லைனிங் போட்டால் உள்தையல் எல்லாம் மறைந்துவிடும், வேலை சீக்கிரம் முடியும். நாமும் வேறு மாதிரி கேட்பதில்லை.

கேட்க வேண்டியது இது. "முதுகில் லைனிங் வேண்டாம். தோள்பட்டை மேலே மட்டும் அரை லைனிங் போதும். கைக்கு மட்டும் முழுசா போடுங்க." கைக்கு லைனிங் இல்லாவிட்டால் சட்டை மேல் கோட்டை நுழைப்பது கஷ்டம், அதனால் அது வேண்டும். லைனிங் துணியும் பாலியஸ்டர் வேண்டாம், விஸ்கோஸ் அல்லது 'பெம்பெர்க்' என்று கேளுங்கள். பெம்பெர்க் பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் சன்னப் பஞ்சிலிருந்து வருவது, ஈரம் இழுக்கும். முதுகில் லைனிங் இல்லையென்றால் உள்தையல் ஓரங்களுக்கெல்லாம் பைப்பிங் வைத்து முடிக்க வேண்டும். கூலி கூடக் கேட்பார். கொடுங்கள். லைனிங் குறைவாகப் போட்ட கோட்டுக்கு ஏன் கூலி அதிகம் என்று கடையில் நின்று வாதாட வேண்டாம், உண்மையிலேயே வேலை அதிகம்.

அடுத்தது 'பேஸ்டிங்'. கோட்டின் மார்புப் பகுதி விறைப்பாக நிற்க உள்ளே ஒரு துணியைப் பசை வைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டுவார்கள். துணியின் கண்களையெல்லாம் அந்தப் பசை அடைக்கும். பழைய முறையில் கேன்வாஸை ஒட்டாமல் நூலால் தைத்து மிதக்க விடுவார்கள். அதற்குச் செலவும் நாளும் அதிகம், எல்லோரும் செய்வதில்லை. குறைந்தபட்சம், "பேஸ்டிங் லேசாக இருக்கட்டும், தோள் பேட் மெல்லிசாக இருக்கட்டும்" என்று சொல்லலாம். ரெடிமேட் எடுக்கிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தைக்க வழியில்லை. அவர்கள் கடையிலேயே கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, முதுகு திறந்திருக்கும் கோட்டைத் தேடி எடுக்கட்டும்.

அளவும் கவனிக்க வேண்டியது. ஸ்லிம் ஃபிட் என்று உடம்போடு ஒட்டித் தைத்தால் எந்தத் துணியாலும் பயனில்லை. பட்டன் போட்ட பிறகு வயிற்றருகே உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் காற்று போக இன்னும் ஒரு வழி.

கடையில் இரண்டு இடத்தில் எண்ணைக் காட்டி மயக்குவார்கள். ஒன்று கனம். சில மில் ஒரு சதுர மீட்டரின் எடையைச் சொல்லும், சில மில் முழு அகலத்தோடு ஒரு மீட்டர் நீளத்தின் எடையைச் சொல்லும். பன்னா சுமார் ஒன்றரை மீட்டர் என்பதால் ஒரே துணி ஒரு கணக்கில் 170 கிராம், இன்னொரு கணக்கில் 255 கிராம். எந்தக் கணக்கு என்று கேட்காமல் இரண்டு துணியை ஒப்பிட்டால் தப்பான துணியை எடுப்போம். கோடைக்கு முழு அகலக் கணக்கில் 230 முதல் 280 வரை பார்க்கலாம். அதற்கும் கீழே போனால் பேன்ட் முட்டியில் பை விழும், கோட்டு தொங்கும்.

இன்னொன்று 'சூப்பர் 100, 120, 150' என்ற முத்திரை. அது கம்பளி இழையின் நுண்மைக்கான அளவு. சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே, சூப்பர் 150 என்றால் 16.25 அல்லது அதற்குக் கீழே. குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண் ஏற ஏற விலை ஏறும், துணி மென்மையாகும், சீக்கிரம் தேயும், அதிகம் கசங்கும். நம் தேவைக்கு 100, 110 தாராளம். அதோடு, பாலியஸ்டர் கலவைத் துணியில் சூப்பர் என்று அடித்திருந்தால் அது வெறும் அலங்காரம். துணியின் ஓரத்தில் என்ன கலவை, எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு மீட்டர் வெட்டச் சொல்லுங்கள், வெட்டிய பிறகு படித்துப் பயனில்லை. 58 அங்குலப் பன்னாவில் கோட்டும் பேன்ட்டும் சேர்த்துச் சராசரி உடம்புக்கு மூன்று முதல் மூன்றேகால் மீட்டர் பிடிக்கும்.

எல்லோராலும் முழுக் கம்பளி எடுக்க முடியாது, தெரியும். ஒரு நாள் கூத்துக்கு எவ்வளவு போடுவது என்ற கேள்வி நியாயமானது. என் கணக்கு இப்படி. உதாரணத்துக்கு, 10,000 ரூபாய்க்கு பளபளப்பான பாலியஸ்டர் கோட்டு தைத்து ஒரே நாள் போட்டால் அந்த ஒரு நாளின் செலவு 10,000. 20,000 ரூபாய்க்கு நீலத்தில் சாதாரணமான கம்பளிக் கோட்டு தைத்து, பேன்ட்டை ஆபீசுக்கும் கோட்டை மற்ற விசேஷங்களுக்கும் பத்து வருடத்தில் நாற்பது முறை போட்டால் ஒரு தடவைக்கு 500. இரண்டாவது தடவை போடுவானா என்று பையனை நேராகக் கேளுங்கள். மாட்டேன் என்றால் கம்பளிக்குப் பணம் போட வேண்டாம். பாலியஸ்டர் விஸ்கோஸிலேயே வெளிச்சம் தெரிகிற நெசவாகத் தேடி, அரை லைனிங் போட்டுத் தையுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். நல்ல கம்பளியை முழு லைனிங்கில் அடைப்பதற்கு, சுமாரான துணியை முதுகு திறந்து தைப்பது மேல்.

நடுவில் ஒருவர் கேட்டார், கறுப்பு அதிகம் சுடுமா என்று. வெயிலில் நின்றால் சுடும். இரவு ரிசப்ஷனில் வெயில் இல்லை, நிறத்தால் பெரிய வித்தியாசம் வராது. வெளிர் சாம்பல் நிறத்தில்தான் அக்குளில் ஈரத் தடம் பளிச்சென்று தெரியும். கரும்நீலம், கறுப்பில் தெரியாது. பகல் நிகழ்ச்சி, திறந்தவெளி என்றால் வெளிர் நிறம் எடுங்கள். உள்ளே போடும் சட்டை மட்டும் எப்போதும் நூறு சதவீதப் பருத்தி. கோட்டுக்குச் செலவழித்துவிட்டு, உள்ளே டெரிகாட்டன் சட்டை போட்டால் எல்லாம் வீண்.

பையனின் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும். பிபிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும். மூன்று பீஸ் சூட்டில் வெயிஸ்ட்கோட்டையாவது விட்டுவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கோட்டைக் கழற்றி ஏசி பக்கம் போய் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினாலோ குமட்டினாலோ "போட்டோ முடியட்டும்" என்று நிற்காதீர்கள், உடனே இறங்கிவிடுங்கள். மேடையில் அப்பா இல்லை என்று யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதோடு, உங்களுக்குக் கோட்டு கட்டாயம் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. வேட்டி கட்டி, முழுக்கைச் சட்டையோடு நின்றாலே கம்பீரம்தான்.

விசேஷம் முடிந்ததும் கோட்டை ஒரு இரவு மின்விசிறிக் காற்றில் தொங்க விடுங்கள். பிரஷால் தூசி தட்டுங்கள். கறை இருந்தால் மட்டும் டிரைகிளீனிங். கடையில் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி பீரோவில் மாட்டுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் நின்று ஐப்பசி மழையில் பூசணம் பிடித்துவிடும். கம்பளிக்குப் பூச்சி வரும், அந்துருண்டை போட மறக்காதீர்கள். உருண்டை துணியில் படாமல் சிறு பையில் கட்டித் தொங்க விடுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில்.

கடைசியாக, வாங்கிய துணி நிஜமாகவே கம்பளிதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூலை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி முடி கருகிய நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தியும் லினனும் விஸ்கோஸும் காகிதம் எரிகிற வாசனையில் எரியும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலவைத் துணியில் இரண்டு மூன்று அடையாளம் சேர்ந்தே தெரியும்.

இன்று சுற்றுக்கு விட்ட துண்டுகள் இந்த மாதம் முடியும்வரை சங்க அலுவலக மேஜையில் இருக்கும். எடுத்துத் தொட்டுப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊதிப் பாருங்கள். தீக்குச்சி மட்டும் வேண்டாம். அவை தெரிந்த கடைக்காரரிடம் இரவலாக வாங்கி வந்தவை, திருப்பிக் கொடுக்க வேண்டும்.